சந்தனம் வைத்த டேப்லெட்

அன்புள்ள சிநேகாவுக்கு, சித்தி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று வழக்கம்போல நானே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை மனம் வரவில்லை. அதை நீதான் எழுத வேண்டும்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசியபோது நான் உன்னிடம் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது. போனை எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்துவிட்டுக் குழம்பைக் கிண்டியபடி பேசினேன். உன்னைப் பார்த்துப் பேசினால் பதில் வந்தது, அடுப்புப் பக்கம் திரும்பிப் பேசினால், விட்டு விட்டுக் கேக்குது சித்தி என்றாய். கடைசியில் வேண்டுமென்றேதான் திரும்பி நின்று, மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஆமா சித்தி என்று சிரித்தாய். சிநேகா, உனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையா என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சரி, டேப்லெட் பற்றி விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். அதற்குப் பிறகு இந்த நாட்களில் ஒரு வேலையும் எனக்கு உருப்படியாக ஓடவில்லை. நூலகத்தில் புத்தகங்களைத் தப்பான அலமாரியில் அடுக்கிவிட்டுத் திரும்ப எடுக்கிறேன். போனில் கேட்டால் நீ கேட்கிற மாதிரி நடிக்க வேண்டியிருக்கும், நான் நம்புகிற மாதிரி நடிக்க வேண்டியிருக்கும். எழுதினால் இருவருக்கும் அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் இந்தக் காலத்தில் ஒரு கடிதம். டேப்லெட் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது படி.

அதற்கு முன்பே நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் உறைத்தது. வேலைக்கும் நோட்ஸ் எடுக்கவும் ஒரு டேப்லெட் வேணும், எது நல்லாயிருக்கும்னு பாருங்க சித்தி என்று எழுதியிருந்தாய். கீழே உனக்கு என்னென்ன வேண்டும் என்று போட்டிருந்தாய். மைக் நன்றாக இருக்க வேண்டும், எதிரே இருப்பவர் பேசுவதை அப்படியே எழுத்தாக்கிக் காட்ட வேண்டும், நான்கு பேர் பேசினாலும் பிரித்துக் காட்ட வேண்டும், எழுத்தைப் பெரிதாக்க முடிய வேண்டும் என்று வரிசையாக வந்து, எழுதுகிற பேனா கடைசியில் வந்தது. நோட்ஸ் எடுக்கிறவளுக்குப் பேனா கடைசியிலா வரும்? அதைப் படித்த பிறகு பொங்கலுக்கு நீ வந்திருந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தபோது நீ மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பிந்திச் சிரித்தாய். ஆட்டுக்குட்டி உன் பின்னால் நின்று அவ்வளவு கத்தியும் நீ திரும்பாமல் முடியை உலர்த்திக்கொண்டிருந்தாய். பட்டணத்துப் பிள்ளை, ஏதோ யோசனையில் இருக்கிறாள் என்று நானே மற்றவர்களுக்குச் சமாதானம் சொன்னேன்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் ரொம்ப நல்லது, என்னைத் திட்டி நாலு வரி எழுது. அப்படி இல்லையென்றால் மேலே படி.

இங்கே மிளகாய் வத்தல் களத்தில் கிடக்கிறது. பங்குனி பிறந்தும் மேகம் வந்து வந்து போகிறது, இந்தக் கடிதத்துக்கு நடுவிலேயே தார்ப்பாயை இழுத்து மூட ஒருமுறை எழுந்து ஓடிவிட்டு வந்தேன், ஒரு சொட்டுகூட விழவில்லை. வீடு முழுக்க நெடி, தும்மிக்கொண்டேதான் எழுதுகிறேன். நூலகத்தில் மேற்குப் பக்கச் சுவர் ஓதமேறி வரலாற்றுப் புத்தகங்களை எல்லாம் மேஜை மேல் ஏற்றியிருக்கிறேன், படிக்கிறவர்கள் மடியில் வைத்துப் படிக்கிறார்கள். போன அமாவாசைக்கு உன் அம்மாவுக்காக ராமேஸ்வரம் போய்வந்தோம். அக்கா உயிரோடு இருந்தால் இதையெல்லாம் உன்னிடம் எப்படிக் கேட்டிருப்பாள் என்று கடலில் நிற்கும்போது நினைத்தேன். அவள் பட்டென்று கேட்டிருப்பாள். எனக்கு அது வராது. திரும்பி வருகிற வழியில் அக்காள்மடத்தில் டீ குடிக்க இறங்கினோம். கூட வந்திருந்த ராக்கு அத்தை ரோட்டோரம் நின்றிருந்தார், ஒரு லாரி அவருக்குப் பின்னால் வந்து ஹாரனைப் பிடித்த பிடியில் டீக்கடைக்காரரே கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அத்தை அசையவில்லை. உன் அய்யா ஓடிப்போய்த் தன் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, வழக்கம்போல, எவன் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா, லாரிக்கும் அதே திமிருதான் என்று எல்லோர் முன்னாலும் வைதார். அத்தையும் வழக்கம்போல முந்தானையை உதறிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார். நம் வீட்டில் எல்லோரும் சத்தமாகப் பேசுகிறோமே, நான் கல்யாணமாகி வந்த புதிதில் தினமும் சண்டை நடக்கிறது என்று நினைத்துப் பயந்தேனே, அது எதனால் வந்த பழக்கம் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இதற்கு நடுவில் அந்தப் பரமக்குடிச் சம்பந்தம். மாப்பிள்ளைப் பையனின் அப்பா தர்மராஜும் அவர் வீட்டம்மாவும் வருகிற வியாழக்கிழமை நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள், பையன் சென்னையில் இருக்கிறான், ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்று உன் அய்யா உன்னிடம் சொன்னாராம். நீ பாக்கலாம்யா என்றாயாம். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டார். நீ உண்மையிலேயே அவர் சொன்னதைக் கேட்டுத்தான் பாக்கலாம் என்றாயா என்பதே இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

டேப்லெட்டுக்கு வருகிறேன். நீ என் அபிப்பிராயத்தைத்தான் கேட்டாய், ஆனால் வேலை கிடைத்தபோது உன் அய்யா வாங்கித் தருகிறேன் என்ற செயினை நீ வேண்டாம் என்றாய் இல்லையா, அந்தக் குறை அவருக்கு இன்னும் இருக்கிறது, சிலேட்டை நான்தான் வாங்குவேன் என்று நின்றுவிட்டார். அவர் அதைச் சிலேட்டு என்றுதான் சொல்கிறார். செவ்வாய்க்கிழமை ராமநாதபுரம் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதுமடத்துப் பையன் சஃபீர் கடை வைத்திருக்கிறானே, அங்கே. பொறுமையான பிள்ளை, கண்ணாடிப் பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்துப் பரப்பினான். பெரியது பார்க்க அழகாக இருந்தது, ஆனால் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்ததிலேயே எனக்கு மணிக்கட்டு வலித்தது, மீட்டிங்கில் மடியில் வைத்து எழுத அது ஆகாது. சின்னதில் ஓடுகிற எழுத்தைக் கண் துரத்த முடியவில்லை. நடுத்தரமானதை எடுத்தேன். பேனா அதோடேயே வருகிறது, தனியாக வாங்குகிற வகையில் பேனா தொலைந்தால் அழ வேண்டியிருக்கும். வழுக்காமல் காகிதத்தில் எழுதுகிற மாதிரி இருக்க ஒரு தாள் ஒட்டித் தரச் சொன்னேன், வெளிச்சம் முகத்தில் அடிப்பதும் அதில் குறைகிறது. உன் அய்யா அதுவரை சும்மா இருந்தவர், டேப்லெட்டை வாங்கிக் காதருகே வைத்து இரண்டு குலுக்குக் குலுக்கினார். வத்தல் காய்ந்திருக்கிறதா என்று விதை சத்தம் கேட்டுப் பார்ப்பாரே, அதே குலுக்கு. சஃபீர் ஓடிவந்து, அண்ணே, வத்தல்தான் குலுங்கணும், இது குலுங்குனா என்கிட்டயே திருப்பிக் கொண்டாந்துருங்க என்று மெதுவாகப் பிடுங்கிக்கொண்டான். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

பேச்சை எழுத்தாக்குவதைத்தான் நான் ரொம்ப நேரம் சோதித்தேன். இங்கிலீஷை நெட் இல்லாமலும் எழுதுகிறது, தமிழுக்கு நெட் வேண்டும். வேகமாகப் பேசினால் தடுமாறுகிறது, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டையும் குழப்பி ஒன்றாக்கிவிடுகிறது, அதை முழுக்க நம்பி மீட்டிங்கில் உட்காராதே. நம் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. சஃபீர் நிறுத்திப் பேசச் சொன்னதும் உன் அய்யா துண்டைச் சரிசெய்துகொண்டு, பெரியோர்களே தாய்மார்களே என்று ஆரம்பித்துவிட்டார், அது ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியது, அவருக்கு ஒரே பெருமை. பிறகுதான் என்னைப் பார்த்து, பேனா இருக்கையில இது என்னத்துக்கு, பிள்ளைக்கு எழுத அம்புட்டுச் சோம்பேறித்தனமா என்று கேட்டார். நான் பில் போடச் சொன்னேன்.

வாங்கியதை அப்படியே உனக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் நம் வீட்டில் மோட்டார் வாங்கினாலும் மருந்தடிக்கிற மிஷின் வாங்கினாலும் கருப்பசாமி கோயிலுக்குப் போகாமல் புழங்குவதில்லையே. வெள்ளிக்கிழமை காலையில் உன் அய்யா டேப்லெட்டைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோனார். பூசாரி சந்தனத்தைக் குழைத்து நடுவில் வைக்கப் போனதும், கண்ணாடியில வேணாம் சாமி, தாள் ஒட்டியிருக்கு, ஓரத்துல வைங்க என்று சொல்லியிருக்கிறார். பூசாரியும் நாலு ஓரத்திலும் நன்றாக அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து வெயில் விழுகிற மாடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார். சாயங்காலம் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்து, என் மகளோட சிலேட்டு நாம பேசுறத எழுதும் பாருங்க என்று பெரியோர்களே தாய்மார்களே ஆரம்பித்தார். அது எழுதவில்லை. சத்தமாகச் சொன்னார், எழுதவில்லை. வாயருகே வைத்துக் கத்தினார். எழுத்தே வராமல் வெறும் வெள்ளையாக நின்றது. உடனே சஃபீருக்குப் போன் போட்டு, ஏலே, நல்ல சாமானைக் காட்டிட்டு ஊமைச் சாமானைக் கட்டிவிட்டியா என்று பிடிபிடியென்று பிடித்தார். அந்தப் பிள்ளை நாளைக்கே கொண்டாங்கண்ணே, மாத்தித் தாரேன் என்கிறான், இவர் விடவில்லை.

ராக்கு அத்தை அடுக்களை வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இவர் முகம் சிவந்ததையும் டேப்லெட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து அதைக் கையில் வாங்கினார். ஓரத்தில் காய்ந்து கல்லாகிக் கிடந்த சந்தனத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். பிறகு உன் அய்யாவைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலே, அதை எதுக்கு வையிற. அதுக்குக் காது அடைச்சுக் கிடக்கு. எனக்கு இருக்க மாதிரி."

உன் அய்யா போனைக் காதில் வைத்தபடியே நின்றார். மறுமுனையில் சஃபீர் அண்ணே அண்ணே என்பது எனக்குக் கேட்டது. எனக்கு இருக்கிற மாதிரி என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அத்தையே சொன்னார். யாரிடமும் குறை சொல்கிற குரலில் இல்லை, பூண்டு விலை சொல்கிற மாதிரி சொன்னார். கல்யாணமாகிப் போன வீட்டில் மாமியார் பின்னால் இருந்துதான் எப்போதும் கூப்பிடுவாராம், அத்தைக்குக் கேட்காதாம், திரும்ப மாட்டாராம். திமிர் பிடித்தவள், வந்த வீட்டை மதிக்காதவள் என்று பேர் வைத்துவிட்டார்களாம்.

"கேக்கலன்னு சொன்னா செவிடின்னு அனுப்பிருவாகன்னு பயம். திமிருன்னா அடிச்சு வச்சுக்கிருவாகல்ல. அதான் திமிராவே இருந்துட்டேன்."

அது ஒரு வருஷம்கூட ஓடவில்லை, திமிருக்காகவே அனுப்பிவிட்டார்கள், அந்தக் கதை உனக்குத் தெரிந்ததுதான். கொண்டுவந்து விட்டவர்கள் என்ன காரணம் சொன்னார்களோ அதையே பிறந்த வீடும் நம்பி இத்தனை காலம் அதே பேரைச் சொல்லி வைதிருக்கிறது. அத்தை சொல்லி முடித்துவிட்டுப் பூண்டுத் தட்டுக்குத் திரும்பிவிட்டார். வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் ஒரு பழைய பல்துலக்குகிற பிரஷ்ஷை எடுத்துச் சந்தனத்தை மெதுவாகத் தேய்த்து எடுத்தேன், பொடியாகத்தான் வந்தது. மேல் விளிம்பில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டைகள் இருந்தன, அவைதான் மைக். ஊதித் துடைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். எழுதியது. அதை உன் அய்யாவிடம் நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரம் களத்தில் வத்தலை அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தபோது அவராகவே கேட்டார், பிள்ளைக்குமா என்று. கடையில் நான் எதைத் திரும்பத் திரும்பச் சோதித்தேன் என்பதை அவர் அப்போது சேர்த்துப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது, அவளிடம்தான் கேட்க வேண்டும், எழுதப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் அள்ளினார். பிறகு, கல்யாணம் முடியட்டும், அப்புறமேல்பட்டு வைத்தியம் பாத்துக்கிருவோம், இப்ப வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் வாசல் மிதிக்க மாட்டான் என்றார். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். நான் அவரோடு எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேசினேன். அத்தை அதைத்தானே செய்தாக, போன வீட்டில தெரியாம இருக்கணும்னுதானே இருந்தாக, நம்ம பிள்ளையும் ஒரு வீட்டுல போயி யார் வாயப் பாத்து எதைப் புரிஞ்சுக்கிறணும்னு நாள் முழுக்கப் பயந்து சாகணுமா என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் சாக்கு வாயைத் தைக்க ஆரம்பித்தார். நேற்று முழுக்க அவர் என்னிடமும் பேசவில்லை, அத்தையிடமும் பேசவில்லை. வெள்ளையடிக்கிற ஆள் வந்து கேட்டதற்கு, அப்புறம் வா என்றார். வியாழக்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். இந்த டேப்லெட் உனக்கு நோட்ஸ் எடுக்க உதவட்டும், மீட்டிங்கில் கை கொடுக்கட்டும். ஆனால் இதை முன்னால் வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் ஒளிந்து உட்காராதே. முதலில் காது டாக்டரைப் பார், வேலைப் பளு, தூக்கம் சரியில்லை என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வராதே, கேட்கும் அளவைச் சோதித்து எழுதித் தரச் சொல். மிஷின் வைக்க வேண்டும் என்றால் வைத்துக்கொள், கண்ணாடி போடுகிறவர்களைப் பார்த்து நாம் பாவம் என்று சொல்கிறோமா? அலுவலகத்தில் உனக்கு மேலே இருப்பவரிடம் ஒருத்தரிடமாவது சொல், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் பேசுங்கள் என்று கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை. ரோட்டில் நடக்கும்போது அந்தப் பாட்டுக் கேட்கிற கருவியை மாட்டாதே. சம்பந்த விஷயத்தில் உன் மனதில் என்ன இருக்கிறதோ அதை எனக்கு எழுது. வேண்டாம் என்றாலும் சரி, சொல்லிவிட்டுச் செய்யலாம் என்றாலும் சரி, உன் கூட நிற்பேன். சொல்லாமல் செய்யலாம் என்று மட்டும் என்னைச் சம்மதிக்க வைக்காதே. நான் உன்னைப் பெற்றவள் இல்லை, அதனால் சில விஷயங்களை உன்னிடம் கேட்கத் தயங்கித் தயங்கியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். இனிக் கேட்பேன்.

பெட்டியில் சார்ஜரும் பேனாவும் இருக்கின்றன, பேனா முனைகள் உபரியாக ஒரு சின்னப் பாக்கெட்டில் இருக்கும், அட்டையோடு தூக்கி எறிந்துவிடாதே. கொஞ்சம் வத்தலும் பருப்புப்பொடியும் தனிப் பார்சலில் வருகின்றன. ராத்திரியில் தயிர் இல்லாமல் சாப்பிடு, சளி பிடித்தால் காது இன்னும் அடைக்கும். டாக்டர் என்ன சொன்னார் என்பதை மறைக்காமல் எழுது, மறந்துவிடாதே. கருப்பசாமி உனக்குத் துணை நிற்கட்டும். நீ நினைத்த வேலையிலும் நினைத்த வாழ்க்கையிலும் தலை நிமிர்ந்து இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

எப்போதும் உன் நினைப்பில்,
உன் சித்தி
பூங்கோதை

வெள்ளிக்கிழமை. கூரியர்காரர் ஊருக்குப் போய்விட்டதால் பார்சல் இன்றைக்குத்தான் கிளம்புகிறது. புதன்கிழமை சாயங்காலம் உன் அய்யாவே தர்மராஜுக்குப் போன் போட்டார். எங்க அக்காவுக்குக் காது கேக்காது, எங்க வீட்டுல இது உண்டு, தெரிஞ்சுக்கிட்டு வாங்க என்றார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதற்கென்ன, வருகிறோம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். நேற்று அவர்கள் வரவில்லை, போனும் செய்யவில்லை. மத்தியானத்துக்கு மேல் உன் அய்யா சாப்பிட்டுவிட்டு, அத்தைக்கு எதிரே போய்க் குந்தி உட்கார்ந்து, காலையில் புறப்படச் சொன்னார். இன்று விடிந்ததும் இருவரும் ராமநாதபுரம் பஸ்ஸில் போயிருக்கிறார்கள், அத்தைக்குக் காது பார்க்க.